தொட்டிலுக்கு வந்த நரி

ஏழு வருஷமாக எங்கள் தெருவில் என் காதுபட யாரும் நரி என்று சொன்னதில்லை.

வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்தால் சங்கரன்கோவில் பிள்ளைகள் எல்லாரும் செய்வதைத்தான் எங்கள் தெருப் பிள்ளைகளும் செய்யும். வாசலுக்கு ஓடிவந்து, "காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம்" என்று கத்தும். நான் வாசலில் நிற்பது தெரிந்தால் போதும், ஏதாவது ஒரு அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, "ஏலே, வாய மூடிட்டு உள்ள வாலே" என்று அதட்டுவாள். பிள்ளை ஒன்றும் புரியாமல் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கும். நல்ல மனசோடுதான் செய்தார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சொல்லை ஒளித்து வைத்துவிட்டால் நடந்தது நடக்காமல் போய்விடுமா? எனக்குச் செய்ய வேண்டிய உதவி எவ்வளவோ இருக்கும்போது இதைப் போய்ச் செய்கிறார்களே என்று இருக்கும். செய்யட்டும் என்று விட்டுவிடுவேன்.

நான் ஓர் அச்சகத்தில் டைப் அடிக்கிறவள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோவில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று நாள் முழுக்கச் சொற்களோடுதான் கிடக்கிறேன். அவதரித்தார், இயற்கை எய்தினார் எல்லாம் என் விரல் தானாகவே அடித்துவிடும். நரி என்ற சொல்லை வேலைக்காக ஒருநாளும் அடித்ததில்லை. அதைக் காசு கொடுத்து அச்சடிக்கிற ஆள் யாரும் கிடையாது. அது முழுக்க முழுக்க வாயிலேயே குடியிருக்கிற சொல். எங்கள் வீட்டு வாய்களில் அது எத்தனை வேலை பார்த்தது என்பதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

நான் பிறந்தது இளையரசனேந்தல் பக்கம். வானம் பார்த்த பூமி. பருத்தியும் உளுந்தும் போட்டிருக்கிற கரிசலில், யாரும் விதைக்காத ஒரு பயறு கொடி விட்டுக் கிடக்கும். சின்னச் சின்னதாக, கறுப்பாக இருக்கும். அதற்குப் பேர் நரிப்பயறு. நட்டவன் யாரென்று தெரியாததை நரி கணக்கில் சேர்த்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வரப்பை ஒவ்வொரு உழவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே வந்த சித்தப்பாவை அப்பா வீட்டுக்குள் குள்ளநரி என்றுதான் சொல்வார். அதே அப்பா, பருத்தி நல்ல விலைக்குப் போன அன்றைக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு எந்த நரி முகத்துல முழிச்சனோ" என்பார். நான் அப்போது சின்னப் பிள்ளை. "அப்படின்னா தெனம் காலைல சித்தப்பா முகத்துல முழிச்சிரலாம்லாப்பா" என்று கேட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பில் புகை ஏறி இருமல் வந்துவிட்டது. அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கிவிட்டு அவரும் சிரித்துவிட்டார்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் தரையில் துண்டை விரித்து நரிக்கொம்பு விற்பார். நரிக்கு ஏது கொம்பு என்று கேட்காமல் அம்மா ஒன்று வாங்கி, மஞ்சள் டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தாள். வீட்டுக்கு நல்லது வரும் என்றாள். முடியோடு ஒட்டின, பட்டாணி அளவு எலும்பு. கெட்டவனுக்கும் அந்தப் பேர், நல்ல காலத்துக்கும் அந்தப் பேர், கல்யாணத்துக்கும் அந்தப் பேர். இதில் வேடிக்கை என்னவென்றால், கல்யாணம் ஆகிப் பிள்ளை பெறும்வரைக்கும் நான் ஒரு நரியைக் கண்ணால் பார்த்ததில்லை.

என் கணவர் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் வேலை பார்க்கிறார். விடிவதற்கு முன்னாலேயே போய், பிச்சியும் மல்லிகையும் ஏலம் போய் முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வருவார். மகன் பிறந்த அன்றைக்குச் சட்டையெல்லாம் பூ வாசனையோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, வந்தவர் போனவர் எல்லாருக்கும் லட்டு கொடுத்து, "நரி முகத்துல முழிச்சிருக்கேன் அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். படுக்கையில் கிடந்த எனக்கு அது கேட்டது. சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. பச்சைப் பிள்ளை தூக்கத்தில் உதட்டைக் கோணிச் சிரிக்கும் இல்லையா, அப்போது என் மாமியார் குரலைத் தாழ்த்தி, "பாருட்டி, நரி பூ காட்டுது" என்பார். திடீரென்று முகம் சுருங்கி அழப் பார்த்தால், "நரி வெரட்டுது" என்பார். பிள்ளை கண்ணை மூடினதும் நரி தொட்டிலுக்கு வந்துவிடுமாம். "ஒங்கம்மா செத்துட்டா" என்று காதில் சொல்லுமாம். பிள்ளை அழும். கொஞ்ச நேரம் கழித்து, "போடா, சும்மா சொன்னேன்" என்று பூவைக் காட்டுமாம். பிள்ளை சிரிக்கும். என் கணவரையும் அவர் கூடப்பிறந்தவர்களையும் இப்படித்தான் நரி வந்து பார்த்துவிட்டுப் போனது என்று அத்தை சொல்வார். தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அத்தையைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, கால் பிடித்துவிட அவரைப் போல ஆள் கிடையாது.

அந்த நரியை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நானும் அது வருவதற்காக உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் வேலை முடித்து வருகிற என் கணவரிடம், "இன்னைக்கு நரி எத்தனை பூ காட்டுச்சு தெரியுமா" என்று சொல்வேன். அவர் சாப்பாட்டுக் கையோடு வந்து தொட்டிலை எட்டிப் பார்ப்பார்.

பிள்ளைக்குக் கழுத்து நிற்கத் தொடங்கின சமயத்தில்தான் அது வேறு மாதிரி வந்தது. காலையில் ஒரு தூக்கம் தூங்கி எழுந்ததும் கை இரண்டையும் யாரோ பிடித்து இழுத்த மாதிரி படக்கென்று விரிப்பான். தலை முன்னால் விழும். அவ்வளவுதான், ஒரு நொடிகூட இருக்காது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும். அப்புறம் மறுபடியும். விக்கல் மாதிரி விட்டு விட்டு வரும். எல்லாம் முடிந்ததும் வீல் என்று ஒரு அழுகை அழுவான். தூக்கி வைத்துக்கொண்டால் என் முகத்தைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்ப்பான்.

"அத்த, பிள்ள வெட்டி வெட்டி இழுக்கான், பாருங்களேன்."

"நரி வெரட்டுதுட்டி. இது கொஞ்சம் பெரிய நரியா வந்திருக்கு."

அத்தை தொட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பண்ணருவாளையும் விளக்குமாறையும் கொண்டுவந்து வைத்தார். இரும்பு இருந்தால் நரி கிட்டே வராது. அதற்கும் மசியாமல் பிள்ளை கையை விரித்தபோது, தொட்டில் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் தட்டி, "ச்சூ, போ, போ" என்று விரட்டினார். வெறுமனே இருந்த அந்த மூலையைப் பார்த்து என் மாமியார் கை தட்டிக்கொண்டு நின்றது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "தூக்கத்துலதான நரி வரும்? இவன் முழிச்சபெறகுலா இப்படிச் செய்தான்" என்று கேட்டேன்.

"அரைத் தூக்கம்டி அது. கண்ணுதான் தொறந்திருக்கு. பிள்ள இன்னும் முழிக்கல."

"அழுவுதானே அத்த."

"வெரட்டுனா அழத்தான செய்யும்."

"இப்ப சிரிக்கவே மாட்டேங்கானே?"

"நரி கோவத்துல இருக்கு. பூ காட்ட மாட்டேங்கு."

நான் எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் அந்தச் சொல் அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டது. தூங்கினால் நரி, விழித்தால் நரி, அழுதால் நரி, சிரிக்காமல் போனாலும் நரி. எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். அவளும் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "எம் மூத்தவளையும் இப்படித்தான் வெரட்டுச்சு" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் மகளைத் தூக்கத்தில் விரட்டியது நிஜமான நரி. என் பிள்ளைக்கு வந்ததற்கும் அதற்கும் வித்தியாசம் அவளுக்கு எப்படித் தெரியும்?

தடுப்பூசி போடப் போன இடத்தில் சிஸ்டர், "பிள்ளை நல்லா இருக்கானா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த அத்தை, "எல்லாம் நல்லா இருக்கான் சிஸ்டர், நரிதான் கெடந்து வெரட்டுது" என்றார். சிஸ்டர் சிரித்தார். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களும் சிரித்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையைக் காட்டி, "இவன்கிட்ட நரி கதையே சொல்லும்" என்றாள். அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது இது நரி இல்லையென்று எனக்குத் தோன்றுகிறது என்று நான் எப்படிச் சொல்ல? வேறு என்ன என்று கேட்டால் என்னிடம் வேறு சொல் இல்லை. ஊசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

என் கணவரிடம் சொன்னேன். "எங்க எல்லாரையும் வளத்த அம்மாவுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிரப் போவுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது. என்னைத் திட்டியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன், சண்டை முற்றி ஆஸ்பத்திரிக்காவது போயிருப்போம்.

அப்புறம் நான் மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அச்சக உரிமையாளர் அண்ணாச்சி, பிள்ளையையும் கொண்டுவாம்மா என்று சொல்லியிருந்தார். என் கம்ப்யூட்டருக்குப் பின்னால் விட்டத்தில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டேன். தொட்டிலுக்குக் கீழே வைக்கச் சொல்லி அத்தை ஒரு ஆணியைத் தாளில் மடித்துக் கொடுத்துவிட்டிருந்தார். அதையும் வைத்தேன்.

ஒருநாள் காலையில் கடையநல்லூரிலிருந்து ஒரு அம்மா மகளுடைய நிக்காஹ் பத்திரிகைக்கு புரூஃப் பார்க்க வந்திருந்தார். கறுப்பு துப்பட்டியைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார், சீக்கிரம் லீவு முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், பிள்ளை எழுந்து அழுத சத்தம் கேட்டுத் திரும்பினார். நான் தூக்கி மடியில் வைத்தேன். கை விரிந்தது. தலை விழுந்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும் விரிந்தது.

"ஒண்ணுமில்ல, நரி வெரட்டுது" என்றேன் நான். யாராவது பார்த்தால் அப்படிச் சொல்லி எனக்கும் பழகிவிட்டது.

அந்த அம்மா புரூஃபைக் கீழே வைத்துவிட்டார். கிட்டே வந்து, பிள்ளை முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தார்.

"ரப்பே" என்று ஆண்டவனைக் கூப்பிட்டார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, இது நரி இல்லம்மா. எந் தங்கச்சி மவனுக்கு இப்பிடியேதான் இருந்துச்சு. இது வலிப்பு. நாளைக்கு, மறுநாளுன்னு வச்சிராத. திருநெல்வேலிக்குத் தூக்கிட்டு ஓடு" என்றார்.

"எங்க வீட்டுல எல்லாரும் நரின்னு சொல்லுதாவளே."

"எங்க வீட்டுலயும் நரின்னுதாம்மா சொன்னோம்."

அவர் கண் கலங்கியிருந்தது. தங்கச்சி மகன் இப்போது எப்படி இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் என் கணவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். அத்தை முந்தின சாயங்காலம் முழுக்க, வந்து போகிற பொம்பளை சொன்னதைக் கேட்டுக்கொண்டு பச்சைப் பிள்ளையைப் பஸ்ஸில் அலைக்கழிக்கிறாளே என்று முனகிக்கொண்டே இருந்தார். ஆனாலும் புறப்படும்போது திருநீறு பூசிவிட்டார். தேவர்குளம் தாண்டி, காற்றாலைகளுக்குப் பின்னால் வானம் வெளுத்துக்கொண்டு வந்த நேரத்தில் டிரைவர் பிரேக் போட்டார். ரோட்டின் நடுவில் ஒரு நரி நின்றது.

அது நரி என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. சோறு கிடைக்காத தெருநாய் என்றுதான் நினைத்தேன். மெலிந்த கால், உடம்புக்குப் பொருந்தாத பெரிய காது, மண் நிறம். பஸ் வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு அவசரமும் இல்லாமல் ரோட்டோரத்து உடைமரக் காட்டுக்குள் போய்விட்டது. கண்டக்டர் திரும்பி, "நரி முகத்துல முழிச்சாச்சு! எல்லாருக்கும் போற காரியம் ஜெயந்தான்" என்றார். தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்கள்கூட எழுந்து ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். என் கணவர் உடைமரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒண்ணும் இருக்காதுட்டி, பாரேன்" என்றார். அத்தனை நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். நானும் நம்பினேன். அந்த எலும்பும் தோலுமான பிராணியை நம்பினேன்.

திருநெல்வேலியில் டாக்டர் பிள்ளையின் தலை முழுக்க ஒயர் ஒட்டிப் பார்க்கச் சொன்னார். முடிவைப் பார்த்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

"வலிப்புதான். பெரியவங்களுக்கு வர்ற மாதிரி நுரை தள்ளாது, உடம்பு முழுக்க வெட்டாது. அதனாலதான் வீட்ல தெரியறதில்ல. எப்ப இருந்து இப்படி இருக்கு?"

கழுத்து நின்றதிலிருந்து என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"இவ்வளவு நாளா என்னன்னு நினைச்சீங்க?"

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நரி வெரட்டுதுன்னு நெனச்சோம் சார்" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. இந்தப் பக்கத்துக்காரர்தான், அவருக்கு அது தெரிந்திருந்தது. "நிறைய பேர் அப்படித்தான் நினைச்சிட்டு வர்றாங்க" என்றார். "மருந்து ஆரம்பிப்போம். ஊசி போடணும். வலிப்பை நிறுத்தப் பார்க்கலாம். ஆனா இத்தனை நாள் மூளைக்குள்ள நடந்தது நடந்ததுதான். அதை எவ்வளவு திருப்ப முடியும்னு நான் இப்ப சொல்ல முடியாது." அப்புறம் என்னைப் பார்த்து, "அம்மா, ஒண்ணு மட்டும் செய்யுங்க. இனிமே இவன் என்ன செஞ்சாலும், கை உதறினாலும், முறைச்சுப் பார்த்தாலும், சிரிச்சாலும், உடனே செல்போன்ல வீடியோ எடுத்து எனக்கு அனுப்புங்க. அது என்னன்னு நீங்க பேர் வைக்காதீங்க. எடுத்து அனுப்புங்க, போதும்" என்றார்.

ஊசி போட்டதில் பிள்ளையின் கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. பார்க்கிறவர்கள், பிள்ளை நல்லா தேறிட்டானே என்றார்கள். வலிப்பு குறைந்தது, நின்றது, பிறகு வேறு வடிவத்தில் வந்தது, மறுபடியும் மருந்தில் அடங்கியது. பிள்ளை மட்டும் திரும்பி வரவில்லை. பூ காட்டின நரியைப் பார்த்துச் சிரித்தவன் எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் அத்தையிடம் கத்தினேன். தெருவே கேட்கக் கத்தினேன். "உங்க நரி எம் பிள்ளையத் தின்னுட்டுப் போயிருச்சு. இப்ப கை தட்டுங்க, வெரட்டுங்க" என்று சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "எம் பிள்ளைகளுக்கெல்லாம் வந்துட்டுப் போயிரும்ட்டி. இவனுக்கும் போயிரும்னுதான் நெனச்சேன்" என்றார். தொட்டிலுக்கு அடியில் கிடந்த பண்ணருவாளை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார். அன்றைக்குப் பிறகு எந்த வீட்டிலும் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க அவர் போனதில்லை. கூப்பிட்டும் போகவில்லை. எங்கள் தெருவில் என் காதுபட அந்தச் சொல் இல்லாமல் போனதும் அன்றையிலிருந்துதான்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்ததா என்றால், வந்தது, ஆனால் ரொம்ப லேட்டாக வந்தது. இப்போதும் சில நாள் வரும், சில நாள் வராது. அவர்தான் நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் அவனுக்குக் கூழ் ஊட்டுகிறார், துணி மாற்றுகிறார், கால் மடங்கிவிடாமல் நீவி விடுகிறார். கமிஷன் கடையிலிருந்து வருகிற என் கணவர் வாடின மல்லிகையில் கொஞ்சம் கொண்டுவந்து பிள்ளையின் தலைமாட்டில் வைப்பார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

மகனுக்கு இப்போது ஏழு முடிந்துவிட்டது. உட்கார வைத்தால் தலையணை சாய்மானம் வேண்டும். பேச்சு இல்லை. என்னை அவனுக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒலி கேட்டால் சில சமயம் திரும்புகிறான். டாக்டர் சொன்னதை மட்டும் நான் இன்றைக்குவரை தவறவிட்டதில்லை. அவன் கண் ஒருபக்கம் சொருகினால் செல்போன். விரல் துடித்தால் செல்போன். என் செல்போன் முழுக்க அவன்தான் இருக்கிறான். ஆனால் ஒரு பிறந்த நாள் படமோ, ஒரு கோவில் படமோ அதில் கிடையாது.

இந்த ஆடியில் ஒருநாள் மத்தியானம், மேற்கேயிருந்து சாரல் நல்ல வெயிலோடு வந்தது. அவனை ஜன்னல் ஓரமாகப் பாயில் போட்டிருந்தேன். கம்பி வழியாகத் தூறல் அவன் முகத்தில் விழுந்தது. நான் வாசலில் இல்லாததால் தெருப் பிள்ளைகளை யாரும் அடக்கவில்லை. "காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம், காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம்" என்று குதியாளம் போட்டுக்கொண்டிருந்தன. நான் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். அப்போது அவன் சிரித்தான்.

சத்தமாகச் சிரித்தான். தொண்டையிலிருந்து கடகடவென்று வந்தது. உடம்பு குலுங்கியது. சிரிக்கிற மாதிரியே வருகிற வலிப்பு உண்டு என்று டாக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். ஓடிப்போய் செல்போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். "அத்த, கடிகாரத்தப் பாருங்க, எப்ப ஆரம்பிச்சுதுன்னு பாத்துக்கோங்க" என்று கத்தினேன். அத்தை கரண்டியோடு அடுப்படி நிலையில் வந்து நின்றார். அவனைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

அவன் முகத்தில் மழை விழுந்துகொண்டே இருந்தது. சிரித்துக்கொண்டே கண்ணை உருட்டி என் பக்கம் திருப்பினான். என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் செல்போன் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. வீடியோவை டாக்டருக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் அவர் குரல் பதிவு வந்தது. அத்தையும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "இது வலிப்பு இல்லம்மா. நல்லா பாத்துட்டேன். பையன் சிரிக்கிறான். மழை மூஞ்சில விழுந்ததுக்கும் வெளிய பிள்ளைங்க போடுற சத்தத்துக்கும் சந்தோஷமா சிரிக்கிறான். நல்ல விஷயம். நீங்களும் கூடச் சிரிச்சுப் பேசுங்க."

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். "ஒங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"பாத்ததுமே தெரிஞ்சுதுட்டி."

"ஏன் சொல்லல?"

"நான் எந்த வாய வச்சிட்டி சொல்ல?"

அந்த வீடியோவை நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். அதில் அவன் சிரிப்பு இருக்கிறது. மழைச் சத்தம் இருக்கிறது. நரிக்குக் கல்யாணம் நடக்கிறது. ஒரு பெண் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லிக் கத்துகிறாள். அவ்வளவுதான் இருக்கிறது. ஏழு வருஷத்தில் அவன் ஒருமுறை சிரித்தான். அவன் முகத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை.

அடுத்த சாரல் சில நாள் கழித்து வெயிலோடு வந்தது. அவனை அதே ஜன்னல் ஓரத்தில் அதே பாயில் கிடத்தினேன். பிள்ளைகள் வாசலுக்கு வந்தன, என்னைப் பார்த்தன, வாயை மூடிக்கொண்டு நின்றன. எதிர்வீட்டு அக்கா வழக்கம்போல, "உள்ள வாங்கலே" என்று கூப்பிட்டாள். நான் படியிறங்கி நடுத்தெருவுக்கு வந்து, "கூப்பிடாதக்கா, இருக்கட்டும்" என்றேன். பிறகு பிள்ளைகளிடம், "கத்துங்க மக்கா. நரி கல்யாணம்னு கத்துங்க. நல்லா சத்தமா கத்துங்க" என்றேன். அவை முதலில் பயந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்று மெதுவாக ஆரம்பித்தது. அப்புறம் எல்லாம் சேர்ந்து தொண்டை கிழியக் கத்தின.

நான் உள்ளே ஓடி அவன் பக்கத்தில் படுத்து, என் முகத்தை அவன் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன். இரண்டு பேர் முகத்திலும் தூறல் விழுந்தது. செல்போனை அடுப்படியிலேயே விட்டிருந்தேன். அத்தை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முதலில் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காத்திருந்தேன். அவன் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு கிடந்தான். மழை நின்று, பிள்ளைகள் கத்தி ஓய்ந்து வீட்டுக்குப் போகிறவரைக்கும் அப்படியேதான் கிடந்தான்.